மலை ஏறுவார் மூட்டை

தீவகத்துப் புளியங்கூடலிலே நின்று நான்கு திசையும் நோக்குபவருக்கு மலை என்று சொல்லத்தக்க யாதொன்றும் தோன்றாது. சுண்ணக்கல் நிலம், அதன்மேல் வயலும் தோட்டமும் பனங்கூடலும், அவற்றுக்கப்பால் ஆழமில்லாத பரவைக் கடல். ஊரிலே உயர்ந்து நிற்பது யாது என்று கேட்டால், கோயிற் கோபுரம் அல்லது முதிர்ந்த பனை என்றே விடை வரும். எனினும், ஏறுதல் என்னும் வித்தையை இந்நிலத்து மக்கள் அறியாதவர் அல்லர். பனையேறும் தொழிலாளி நாள்தோறும் செய்வது அதுவே. அவனுடைய கருவிகள் மிகச் சில: காலிலே மாட்டுந் தளைநார், இடையிலே பாளைக்கத்தி, சாற்றை ஏற்கும் முட்டி. நாலைந்து பொருளுக்கு மேல் அவன் கொண்டு ஏறுவதில்லை. கொண்டு ஏறும் ஒவ்வொன்றையும் நிலத்திலே நின்று தொட்டுப் பார்த்த பின்னரே ஏறுகின்றான். தளைநார் நைந்திருப்பின் அன்று மரம் ஏறான். இவ்வொழுக்கத்தை மனத்திற் கொண்டால், இன்று நாம் பேசப்புகும் பொருள் எளிதில் விளங்கும்.

பேசப்புகும் பொருள், குளிர்காலத்திலே மலை ஏறுவோர் எவற்றைத் தெரிந்து கொண்டு செல்லவேண்டும் என்பது. இது பனி மூடிய வடநாட்டு மலைகளுக்கே உரிய வினா என்று எண்ணுதல் வேண்டா. நம் நாட்டிலேயே ஆண்டுதோறும் பல இலட்சம் மக்கள் குளிர்காலத்து நள்ளிரவிலே ஒரு மலையை ஏறுகின்றனர். அதுதான் சிவனொளிபாத மலை. மார்கழி மாதத்தை ஒட்டிவரும் பூரணையிலே தொடங்கி வைகாசிப் பூரணையோடு முடிவது அதன் யாத்திரைக் காலம். சைவர் அதனைச் சிவபெருமான் திருவடி என்பர். பௌத்தர் புத்தர்பிரான் திருவடி என்பர். இசுலாமியரும் கிறித்தவருட் பலரும் ஆதி மனிதராகிய ஆதாமின் அடிச்சுவடு என்பர். வேறுபட்ட சமயத்தார் ஒரே படியிலே ஒருவர்பின் ஒருவராய் ஏறும் அம்மலைக்குத் தீவகத்திலிருந்து செல்வோரும் உளர்.

அம்மலையின் உயரம் 2,243 மீற்றர். நிலத்திலிருந்து ஆயிரம் மீற்றர் ஏறுந்தோறும் காற்றின் வெப்பம் ஏறக்குறைய ஆறரைப் பாகை குறையும் என்பது வளிமண்டல நூலார் கணக்கு. ஆகவே, கடற்கரையிலே வாழ்வார்க்கும் அவ்வுச்சியிலே நிற்பார்க்கும் இடையே பதினான்கு பாகை வேறுபாடு உண்டு. யாழ்ப்பாணத்து மார்கழி இரவிலே ஒரு துப்பட்டியோடு இனிது உறங்கும் ஒருவர், அதே இரவில் அம்மலை முடியிலே நின்றால், வெப்பம் பத்துப் பாகைக்குங் கீழே இறங்கியிருக்கக் காண்பார். இவ்வளவோடு அமையாது. மலை முடியிலே தடையின்றி வீசுங் காற்றும், ஏறும்போது உடலெங்கும் ஊறி நனைத்த வியர்வையுஞ் சேர்ந்து, குளிரைப் பன்மடங்காக்கும். சூரிய உதயங் காணும்பொருட்டு யாத்திரிகர் மணிக்கணக்காக அசையாது காத்திருப்பதும் அந்நேரத்திலேயே. ஆதலாற் பனிக்கட்டி இல்லாதிருப்பினும், குளிர்மலை ஏறுவோருக்கு நேரும் இடர்களெல்லாம் சிறிய அளவிலே அங்கு உண்டு.

இம்மலை யாத்திரைக்கு வேண்டிய பொருள்களைப் பற்றி நமக்குக் கிடைக்கும் மிகச் சிறந்த பழைய சான்று, நம் யாழ்ப்பாணத்து வரலாற்றோடு தொடர்புடையது என்பது மகிழ்ச்சிக்குரியது. மொறோக்கோ நாட்டிலே தோன்றி உலகின் பெரும்பகுதியைச் சுற்றிய இபின் பதூதா என்னும் யாத்திரிகர், 1344 ஆம் ஆண்டிலே மாலைதீவிலிருந்து சோழமண்டலக் கரைக்குப் புறப்பட்டார். காற்று அவர் கலத்தை இலங்கைக் கரையிலே சேர்த்தது. புத்தளத்திலே அவரை வரவேற்றவர் யாழ்ப்பாணத்து ஆரியச் சக்கரவர்த்தி. அரசர் பாரசீக மொழி அறிந்தவர். முத்துக்களைக் காட்டி, வேண்டுவது கேட்கலாம் என்றார். வந்தவரோ, பொன்னும் முத்தும் வேண்டாது, ஆதாமின் அடிச்சுவட்டைக் காண்பதொன்றே தமது விருப்பம் என்று கூறினார்.

அப்பொழுது அரசர் செய்த ஏற்பாட்டை இபின் பதூதா எண்ணிக்கையோடு எழுதி வைத்துள்ளார். ஏறிச் செல்வதற்கு ஒரு பல்லக்கும் அதனைச் சுமப்பாரும், உணவுப் பொருள்களைச் சுமந்து வருவதற்குப் பதினைந்து பேர், அரசருடைய பரிவாரத்திலே பத்துப் பேர், பிராமணர் மூவர், இவர்களோடு, ஆண்டுதோறும் அம்மலைக்கு யாத்திரை போய்ப் பழகிய யோகிகள் நால்வர். இப்பட்டியலைச் சற்று நின்று நோக்குதல் தகும். அரசர் நீரைச் சுமப்பிக்கவில்லை. வழியெங்கும் நீர் நிறைய உண்டு என்று யாத்திரிகரே சொல்கின்றார். உணவை மிகுதியாகச் சுமப்பித்தார். காடுகளினூடே செல்லும் வழியிலே அது எங்குங் கிடைப்பதன்று. எல்லாவற்றுக்கும் மேலாக, வழியையும் வானிலையையும் அறிந்த நால்வரைத் துணையாக்கினார். எது அங்கே கிடைக்கும், எது கிடைக்காது, எதனை யார் அறிவார் என்ற மூன்று வினாவுக்கும் விடை கண்ட பின்னரே மூட்டை கட்டப்பட்டது. இன்றைய மலையேறிகள் நூல் நூலாக எழுதும் விதிகளின் சாரம் இதுவன்றி வேறில்லை.

மலையடிவாரத்துக் காட்டிலே அவர் கண்ட ஒரு சிற்றுயிரைப் பற்றியும் சொல்கின்றார். அது அட்டை. நீர்ப்பாங்கான இடங்களிலே மரத்திலும் புல்லிலும் இருந்து, மனிதர் அணுகியதும் தாவிப் பற்றிக் குருதி உறிஞ்சும். அதற்கு மாற்றாக மக்கள் எலுமிச்சம்பழத்தை ஆயத்தமாகக் கையிலே வைத்திருப்பர். பற்றிய இடத்திலே சாற்றைப் பிழிந்தால் அட்டை விழுந்துவிடும். பின்பு அவ்விடத்தை இதற்கென்றே செய்த மரக்கத்தியாற் சுரண்டுவர். வறண்ட நம் தீவகத்திலே பிறந்த ஒருவருக்கு ஈரக்காட்டு அட்டையின் கொடுமை கனவிலும் தோன்றாது. அவர் தாமாக மூட்டை கட்டினால் வாளை வைத்தாலும் வைப்பார், எலுமிச்சம்பழத்தை வையார். ஓர் எலுமிச்சம்பழமும் ஒரு மரக்கத்தியும், விலையாற் சிறியன. ஆனால் அவை, முன்னே சென்று குருதி சிந்தியவர்களின் அறிவு திரண்டு உருவானவை.

மலைக்கு ஏற இரண்டு வழிகள் உண்டென்றும், ஒன்று தந்தை வழி, மற்றது தாய் வழி என்று பெயர் பெற்றன என்றும் அவர் கூறுகின்றார். தாய் வழி எளிது. தந்தை வழி கடிது. கடிய வழியால் ஏறி எளிய வழியால் மீள்வதே யாத்திரை. எளிய வழியாலே ஏறியவனை யாத்திரை செய்தவனாக மதியார். கடிய வழியின் பாறையிலே இரும்பு முளைகள் அடித்துச் சங்கிலிகள் தொங்கவிடப்பட்டிருந்தன. அச்சங்கிலிகள் பத்து. அவற்றுட் பத்தாவதற்குத் திருக்கலிமாச் சங்கிலி என்று பெயர். அதனைப் பற்றி நின்று கீழே நோக்குபவன், விழுந்துவிடுவேனோ என்னும் அச்சத்தால் தன்னை அறியாமலே அத்திருமொழியை ஓதுவானாம். அவருக்கு அரை நூற்றாண்டு முன் இலங்கையைக் குறித்து எழுதிய மார்க்கோ போலோவும் அம்மலைச் சங்கிலிகளைக் கூறியுள்ளார். இன்று ஆல்ப்சு மலைகளிலே பாறையில் இரும்புக் கம்பிவடம் பொருத்தி ஏறும் முறையைப் புதுமையென்று வியக்கின்றோம். எழுநூறு ஆண்டுக்கு முன்னரே நம் நாட்டுப் பொதுமக்கள் அதனைப் பற்றி ஏறினர்.

இன்னும் ஒரு செய்தி. உச்சிக்குச் சிறிது தூரம் இருக்கும்போது ஒரு குகை உண்டு. யாத்திரிகர் தாம் கொண்டுவந்த பொருள்கள் அனைத்தையும் அங்கே வைத்துவிட்டு, எஞ்சிய வழியை வெறுங்கையோடு ஏறுவர் என்கின்றார். வேண்டுவதைத் தெரிந்தெடுத்தல் பாதி அறிவு. வேண்டாததை விட்டுச் செல்லுதல் மற்றப் பாதி. பிற்காலத்துப் பெருமலையேறிகளும் இதையே செய்கின்றனர். கூடாரமும் உணவும் இடைப் பாளையத்திலே இருக்க, இறுதி நாளிலே குறைந்த சுமையோடு முடியை நோக்கிச் செல்வர்.

யாத்திரிகரின் மூட்டையைச் சிறிதாக்கியவர்களுள் அரசர்க்கும் இடமுண்டு. பதினோராம் நூற்றாண்டிலே முதலாம் விசயபாகு மன்னன், மலைக்குச் செல்லும் வழியில் யாத்திரிகருக்கு உணவு கிடைக்கும்பொருட்டு ஊர்களை மானியமாக விட்டான் என்று சூளவம்சம் கூறும். பதின்மூன்றாம் நூற்றாண்டிலே இரண்டாம் பராக்கிரமபாகுவின் அமைச்சன் தேவபதிராசன் அவ்வழியிலே பாலங்கள் அமைத்தான். வழியிலே சோறு உண்டெனின் அரிசி சுமக்க வேண்டா. ஆற்றிலே பாலம் உண்டெனின் கயிறு சுமக்க வேண்டா. பின்பு ஆங்கிலர் காலத்திலே, 1884 இல் புகையிரதப் பாதை அட்டனை அடைந்தது. 1905 இல் வடபகுதிப் பாதை காங்கேசன்துறை வரை நிறைவெய்தியது. அதன்பின், தீவகத்தார் பண்ணைக் கடலைத் தோணியிற் கடந்து புகையிரதம் ஏறினால், மலைநாடு வரை இருந்தபடியே செல்லலாயிற்று. இன்று அட்டன், மசுகெலியா வழியாக நல்லதண்ணி வரை வாகனம் செல்கின்றது. அங்கிருந்து ஐயாயிரத்துக்கு மேற்பட்ட படிகளும், யாத்திரைக் காலத்து மின்விளக்குகளும் உண்டு. வசதி பெருகியது நன்றே. ஆயின், மலை தாழ்ந்துவிடவில்லை. அதன் குளிரும் குறைந்துவிடவில்லை. முன்னே பல நாள் நடந்து மெல்ல மெல்ல உடலைப் பழக்கிக்கொண்டு ஏறியவர் போக, இப்பொழுது கடற்கரையிலே முதல்நாள் உறங்கியவர் மறுநாள் இரவிலே முடியிலே நிற்கின்றார். ஆகவே எதனைக் கொண்டுசெல்வது என்னும் வினா, முன்னையினும் இன்று கூர்மையுடையது.

இனி, பிற நாட்டார் தம் பனிமலைகளிலே கற்ற பாடங்களை நோக்குவோம். அவற்றுட் பல உயிரை விலையாகக் கொடுத்துப் பெற்றவை.

1865 ஆம் ஆண்டு யூலை 14 ஆம் நாள், சுவிற்சர்லாந்து இத்தாலி எல்லையிலுள்ள மாற்றர்கோண் மலையின் 4,478 மீற்றர் முடியை எட்வேட் விம்பர் என்னும் ஆங்கிலரும் அவர் கூட்டத்தாரும் முதன்முதலாக எய்தினர். எழுவரும் ஒருவரோடொருவர் கயிற்றாற் பிணைத்துக்கொண்டு இறங்கும்போது ஒருவர் கால் வழுக்கியது. அவரோடு மூவர் இழுபட்டனர். பின்னே நின்ற மூவர் பாறையை இறுகப் பற்றினர். ஆனால் இடையிலே கயிறு அறுந்தது. நால்வர் மாண்டனர். பின்பு அறுந்த கயிற்றை ஆராய்ந்தபோது, அவர்கள் கொண்டுவந்த மூவகைக் கயிறுகளுள் அதுவே மிகப் பழையது, வலிகுறைந்தது, மேலதிகமாக மட்டும் எடுத்து வந்தது என்பது தெரிந்தது. வலிய கயிறு அவர்களிடம் போதிய அளவு இருந்தது. ஏறி முடித்த களிப்பிலே, எந்த இடத்தில் எந்தக் கயிறு என்பதை எண்ணாது விட்டமையே கேடாயிற்று. தளைநாரைத் தொட்டுப் பார்க்காமல் மரமேறாத நம் தொழிலாளியின் ஒழுக்கம் அங்கே ஒரு கணம் தவறியது எனலாம்.

1935 இல் இத்தாலியப் பாறை மலையொன்றிலே வித்தாலே பிறமானி என்பவரின் தோழர் அறுவர் புயலிலும் குளிரிலும் அகப்பட்டு இறந்தனர். அக்காலத்தே அடிவாரம் வரை ஆணி அடித்த கனத்த சப்பாத்தை அணிந்து சென்று, பாறையிலே ஏறும்போது மெல்லிய அடியுடைய இலேசான சப்பாத்துக்கு மாறுவது வழக்கம். அவ்விலேசான சப்பாத்து வறண்ட பாறையிலே பற்றும். பனியிலும் ஈரத்திலும் உதவாது. ஆணிச் சப்பாத்தோ வெப்பத்தைக் கடத்தி ஆணி வழியே காலைக் குளிரச் செய்யும். இரண்டுக்கும் மாற்றாக, ஆழ்ந்த பள்ளங்கள் வெட்டிய இறப்பர் அடியைப் பிறமானி உருவாக்கி 1937 இல் உரிமைப் பத்திரம் பெற்றார். அவர் பெயரை ஒட்டி விப்ரம் என வழங்கும் அவ்வடியையும் அதன் வழிவந்தவற்றையும் இன்று உலகெங்கும் மலை நடப்போர் அணிகின்றனர்.

உடையின் வரலாறும் இவ்வாறே. 1922 இல் எவறெசுற்றுக்குச் சென்ற யோர்ச் பிஞ்ச், வான்கூண்டு செய்யுந் துணியாலே மேலங்கி தைத்து அதனுள்ளே பறவையின் மென்தூவியை அடைத்து அணிந்தார். தோழர் சிலர் நகைத்தனர். குளிர் வந்தபோது நகைப்பு நின்றது. 1924 இல் அதே மலையிலே மறைந்த மலோரியின் உடல் 1999 இலே கண்டெடுக்கப்பட்டது. அவர் பட்டும் பருத்தியும் கம்பளியுமாக ஒன்றன்மேல் ஒன்றாகப் பல மெல்லிய உடைகளை அணிந்திருந்தார். அவற்றைப் போலவே நெய்து தைத்து 2006 இல் அணிந்து பார்த்தனர். நடந்துகொண்டிருப்பவருக்கு நல்ல வானிலையிலே அவை போதுமானவை, வெளியிலே இரவு தங்க நேர்ந்தால் போதா என்பது கண்ட முடிவு. இயங்கும் உடலுக்கு ஓர் உடை, இருக்கும் உடலுக்கு வேறோர் உடை என்பது இதனாற் பெறப்படும். 1953 மே 29 ஆம் நாட் காலையிலே, முடிக்குச் செல்லவிருந்த இலரி, இரவிலே கழற்றி வைத்த தம் சப்பாத்து உறைந்து கல்லாயிருக்கக் கண்டார். அடுப்பிலே காய்ச்சி அதனை இளக்குவதற்கு இரண்டு மணி நேரஞ் சென்றது. டென்சிங் தம் சப்பாத்தைக் கழற்றாமலே படுத்திருந்தார். மலைநாட்டிலே வளர்ந்தவர் அறிவு அது. தமிழ் வழியினரும் அவ்வுயரத்தை அறியாதவரல்லர்: 1997 மே 23 ஆம் நாள் மலேசியாவின் சார்பிலே முதன்முதல் எவறெசுற்று முடியை எய்திய மகேந்திரன், மோகனதாசு ஆகிய இருவரும் அந்நாட்டு இந்திய வம்சத்தவர்.

இவற்றையெல்லாம் நம் மலைக்குப் பொருத்திப் பார்ப்போம். சிவனொளிபாத மலைக்குப் பனிக்கோடரியும் ஆணிக்காலணியும் வேண்டா. ஆயினும் விதிகள் மாறா.

முதலாவது உடை. நம்மவர் பருத்தி வேட்டியும் பருத்திச் சேலையும் அணிந்து பழகியவர். வெயில் நாட்டுக்கு அதனிலும் நல்ல உடை இல்லை. வியர்வையை ஏற்று ஆறி உடலைக் குளிரச் செய்வது அதன் குணம். அக்குணமே மலை முடியிலே பகையாகின்றது. நனைந்த பருத்தி உடலின் சூட்டை விரைந்து கவரும். கம்பளியோ நனைந்த பின்னும் தன் மயிரிடையே காற்றை அடக்கி வைத்து ஓரளவு சூடு தரும். ஆகவே ஏறும்போது இலேசாக உடுத்து, உலர்ந்த மாற்றுடை ஒன்றையும் கம்பளி உடை ஒன்றையும் நீர் புகாத பையிலே கட்டிக்கொண்டு சென்று, உச்சியை அடைந்தவுடன், குளிர் தோன்றுமுன்பே, மாற்றிக்கொள்ளுதல் வேண்டும். நடுங்கத் தொடங்கிய பின் கம்பளியைத் தேடுதல், கடல் கொந்தளித்த பின் பாயைத் தைத்தல் போலாகும். தலைக்கும் காதுக்கும் மூடுதுணி, காற்றையும் தூறலையும் தடுக்க மெல்லிய மேலங்கி ஒன்று: இவ்வளவிலே உடை முடிந்தது.

இரண்டாவது அடி. பத்தி மேலீட்டால் வெறுங்காலோடு ஏறுவோர் உளர். அதனை இகழ்வார் இல்லை. ஆனால், வெறுங்காலில் நடந்து பழகிய கால் வேறு, நேர்ச்சைக்காக அன்று மட்டுஞ் சப்பாத்தைக் கழற்றிய கால் வேறு. காலணி அணிவோர் புதியதை அன்று அணிதல் ஆகாது. பற்றுள்ள அடியுடையதாய், ஊரிலே சில வாரம் நடந்து பழகியதாய் இருத்தல் வேண்டும். ஏற்றத்திலே மூச்சு வாங்கும்; இறக்கத்திலே முழங்கால் தளரும். வழுக்கி விழுவோர் பெரும்பாலும் இறங்கும்போதே விழுகின்றனர். மாற்றர்கோண் மலையிலும் கேடு வந்தது இறக்கத்திலேதான். முதியோர்க்கு ஒரு கைத்தடி, ஏறும்போதினும் இறங்கும்போதே துணை.

மூன்றாவது ஒளியும் உணவும். மின்விளக்கு உள்ள வழியாயினும் ஒரு கைவிளக்கு வேண்டும். இரத்தினபுரிப் பக்கத்து நெடுவழியிலே செல்வோர்க்கு அது இன்றியமையாதது. அவ்வழியார் எலுமிச்சம்பழத்தை இன்றும் மறத்தல் ஆகாது. சிறிது பனங்கட்டி, சிறிது எள்ளுருண்டை, நீர்: தீவகத்து வீட்டிலே உள்ளவை மலைக்கு ஏற்ற உணவே, சிறு பாரத்திலே மிகுந்த வலுத் தருவன. நாள்தோறும் உண்ணும் மருந்து உடையார் அதனை மூட்டையிலன்றி மடியிலே வைத்தல் நலம்.

இவையனைத்தினும் மேலான ஒன்று உண்டு. சிங்கள யாத்திரிகர் கூட்டமாகச் செல்லும்போது, பலமுறை மலை ஏறிய ஒருவரைத் தலைவராகக் கொள்வர். அவரை நடே குரா என்று அழைப்பர். எங்கே நீராடுவது, எங்கே இளைப்பாறுவது, யார் பின்னே வரவேண்டும் என்பன அவர் சொற்படியே நடக்கும். உச்சியிலுள்ள மணியை, தாம் எத்தனை முறை ஏறினாரோ அத்தனை முறை அடிப்பது மரபு. அதனை வெறும் பெருமை என்று கொள்ளற்க. யாரைக் கேட்டு அறியலாம் என்பதைக் கேட்பார்க்கு அறிவிக்கும் ஒலியாகவும் அதனைக் கொள்ளலாம். ஆரியச் சக்கரவர்த்தி அனுப்பிய நான்கு யோகிகளும் இத்தகையோரே. மலையடித் தோட்டங்களிலே தலைமுறை தலைமுறையாக வாழும் நம் மலையகத் தமிழ் மக்களும், நல்லதண்ணி என்று தமிழிலே பெயர் வழங்கும் அவ்வூராரும், அம்மலையின் காற்றையும் மழையையும் நாள்தோறும் காண்பவர். அவரை நாடி, இன்றிரவு மேலே எவ்வாறு இருக்கும் என்று கேட்டல், கடைவீதியிலே விலையுயர்ந்த மேலங்கி வாங்குவதினும் பயனுடையது.

ஆகவே நேயர்களே, மலைக்கு மூட்டை கட்டுமுன், முன்னே போய் வந்த ஒருவரிடம் மூன்று வினாவைக் கேளுங்கள்: அங்கே கிடைப்பது எது, கிடைக்காதது எது, சென்ற முறை தமக்கு வேண்டியிருந்தும் இல்லாமற் போனது எது? மூன்றாவது வினாவுக்கு அவர் கூறும் விடையை முதலிலே மூட்டையில் வையுங்கள். கட்டி முடித்தபின், ஒவ்வொன்றையும் ஒருமுறை எடுத்து, கயிறாயின் இழுத்தும், விளக்காயின் ஏற்றியும், காலணியாயின் நடந்தும் பாருங்கள். வேண்டாததை வீட்டிலே விடுங்கள். யாத்திரை முடியிலே நிறைவு பெறுவதன்று. சென்றவர் அனைவரும் நலமே மீண்டு வீட்டுப் படி மிதிக்கும்போதே நிறைவு பெறுவது.